தங்கம்மாவும் ஏழு கறுப்பு மீன்களும்

தங்கம்மா போய்விட்ட செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ரொட்டிக்காரர். காலையில் மணியடித்துக்கொண்டு எங்கள் காஜா பேராங் தெருவுக்குள் நுழைகிற மனிதர் அன்று மணியடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "டீச்சரம்மா, செட்டிக் கம்பத்திலே இன்னிக்கு யாரும் ரொட்டி வாங்கலை. தையல் தங்கம்மா ஆஸ்பத்திரியிலே தவறிட்டாங்களாம்" என்றார். வயிற்றுவலி என்று போய்ப் படுத்தவள், நாலே நாளில் போய்விட்டாள். முப்பத்தெட்டு வயதுதான்.

நான் ரொட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் பாதிச் சோப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "என் அம்மா செத்தபோது இவர் இப்படி உட்காரவில்லையே" என்றுதான் தோன்றியது. செத்துப்போனவள் மேல்கூடவா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், செத்துப்போனவள் மேல்தான்.

சாவுக்குப் போனோம். செட்டிக் கம்பம் என்கிற அந்தக் குடியிருப்பின் சந்து கொள்ளவில்லை, அவ்வளவு கூட்டம். சீன வீட்டுப் பெண்கள், மலாய்க்கார அம்மாக்கள், பண்டார் ஹிலிர் கடைக்காரர்கள், செமாபோக்கிலிருந்து லாரியில் வந்து இறங்கிய ஒரு குடும்பம். எல்லோர் மேலும் அவள் பூவேலை செய்த கெபாயா சட்டை ஏதாவது ஒன்று ஒருநாள் இருந்திருக்கும். பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த எனக்கு இதில் பாதி வருமா என்று நின்றவாக்கிலேயே எண்ணிப் பார்த்தேன். வராது.

நம் மாதர் சங்க மலருக்குத் தங்கம்மாவைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று தலைவியம்மா பிடிவாதம் பிடித்தார். "நீங்கதான் டீச்சர் அவளோட பழகினவங்க" என்றார். பழகினது வாஸ்தவம். ஆனால் எப்படிப் பழகினேன் என்று சொல்லாமல் நாலு நல்ல வார்த்தை மட்டும் எழுதிக் கொடுக்க எனக்குக் கை ஓடவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

அவளை என் வீட்டுக்குள் கூட்டிவந்தவளே நான்தான். மெர்டேகா நாளுக்கு இரண்டு வாரம் முந்தி அது. சுதந்திர நாள் ஊர்வலத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு ரவிக்கைக் கையில் பூவேலை செய்யக் கொடுத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து கொடுத்தவளை, "உள்ளே வா, தண்ணி குடிச்சுட்டுப் போ" என்று அழைத்தேன். கூடத்தில் என் வீட்டுக்காரரின் மீன் தொட்டி இருந்தது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த தொட்டி; அதில் ஏழு கறுப்பு மோலி மீன்கள். ஏழாவது, அந்த வாரம்தான் கடையில் வாங்கி நேரே உள்ளே விட்டது. தங்கம்மா கையில் தம்ளரோடு தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. ஒரு மீனின் வாலைக் காட்டி, "சாக்கிட்" என்றாள். நோய் என்கிறாள். நானும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. அவள் போனபிறகு, "நாள் பூரா ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் புள்ளியாகத்தான் தெரியும்" என்று நக்கலடித்தேன். மூன்றாம் நாள் ஏழு மீன் மேலும் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப்புள்ளி.

அவர் துடித்துப்போனார். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. நில அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டியின் முன் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்; மீன்களோடு ஏதோ முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பு எனக்குப் பழகிப்போயிருந்தது. தங்கம்மா வந்தபிறகு அது நின்றது. அவளோடு பேச ஆரம்பித்தார்.

அவர்தான் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தார். அவள் முன்பு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அந்த வீட்டு அம்மாளின் தொட்டிக்கும் இதே நோய் வந்து, அவள் கூடமாட நின்று பார்த்திருக்கிறாள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்தப் பூச்சியையும் பார்த்திருக்கிறாள். புள்ளி என்று நாம் பார்ப்பது மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கும் பூச்சி. தின்று கொழுத்ததும் அது தானே கழன்று அடியில் கல்லுக்குள் போய் விழும். அங்கே ஒன்று நூறாக வெடித்து, குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தி வரும். மீனின் மேல் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. நீந்தி வருகிற நேரத்தில்தான் உப்புத் தண்ணீரில் சாகும். ஆகவே தினமும் ரப்பர்க் குழாயால் அடித்தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றவேண்டும். உப்புப் போட்டு ஆறவைத்த தண்ணீரை ஊற்றவேண்டும். புள்ளி மறைந்தாலும் பத்து நாள் விடாமல் செய்யவேண்டும். இவ்வளவும் எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. செட்டிக் கம்பத்துக்காரர்களுக்கு வீட்டுப் பேச்சு மலாய்தான். தங்கம்மா மாரியம்மனுக்கு விரதம் இருப்பாள், பொங்கல் வைப்பாள், ஆனால் தமிழில் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை வராது. எனக்கோ அதற்கு நேர்மாறு. நான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். என் மலாய் சந்தையில் மீன் வாங்கக் காணும், அவ்வளவுதான். அவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சுதந்திர நாள் நடை பழக்கிவிட்டு நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவேன். வாசல் கதவு விரியத் திறந்திருக்கும். உள்ளே இரண்டு தலையும் தொட்டியின் மேல் குனிந்திருக்கும். அவள் கடகடவென்று ஏதோ சொல்வாள். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். என்னோடு அவர் அப்படிச் சிரித்தது எந்த வருடம் என்று நான் யோசித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பேன். அடுப்புக்கு முன்னால் எனக்குப் பற்றிக்கொள்ளும்.

ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது அவள் "புந்திங்" என்றாள், அவர் சிரித்தார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். கர்ப்பம் என்று அர்த்தம். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. என்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். மோலி குட்டி போடுகிற மீன் என்பதோ, அதில் ஒன்று வயிறும் பிள்ளையுமாக இருந்ததோ எனக்கு எங்கே தெரியும்? அன்று ராத்திரி அவர் குழம்பு ருசியாக இருக்கிறது என்றார். நான் சட்டியை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தேன். மீன்களின் மேல் ஒரு புள்ளி இல்லை. கரிக்கட்டை மாதிரி பளபளவென்று இருந்தன. "குணமாகிடுச்சே" என்றேன். "பெலும்" என்றாள் தங்கம்மா. இன்னும் இல்லை என்கிறாள். அவள் எப்போதும் சொல்கிற சொல் அது. பூவேலை முடிந்ததா என்று கேட்டாலும் "பெலும்", சாப்பிட்டாயா என்றாலும் "பெலும்". எனக்கு என்ன தோன்றியது? மீன் குணமானபிறகும் வந்துகொண்டிருக்கச் சாக்குத் தேடுகிறாள் என்றுதான்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்குப் பள்ளி இல்லை, அவர் அரைநாள் வேலைக்குப் போய்விட்டார். துணி துவைக்க, முதல்நாள் அவர் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்தேன். மேல் பையில் ஏதோ மெத்தென்று இருந்தது. எடுத்துப் பிரித்தேன். கெபாயா தைக்கிற மெல்லிய வெள்ளை வாயில் துணியில் ஒரு துண்டு. அதில் சிவப்பு நூலால் கடுகு கடுகாக முடிச்சுகள், ஏழு சரமாகத் தொங்கின. மேலே அடர்த்தி, கீழே போகப்போகக் குறைவு. கோத்த பூ மாதிரி அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் ரவிக்கைக்குக்கூட அவள் இவ்வளவு நுணுக்கமாகப் போடவில்லை. என் புருஷன் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு ஆபீஸ் போய் வருகிறார்! அடிப்பாவி என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

துணியை இருந்த பையிலேயே வைத்து, சட்டையைத் துவைக்காமல் கூடத்து ஆணியில் மாட்டினேன். திரும்பித் தொட்டியைப் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான் தோன்றியது: இந்த மீனுக்கு நோய் இருக்கும்வரை அவள் வருவாள், நோய் இல்லை என்றாகிவிட்டால் வரமாட்டாள். உப்புத் தண்ணீர் முழுவதையும் வாளி வாளியாக மொண்டு முற்றத்தில் கொட்டினேன். கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக இறைத்து ஊற்றினேன். தொட்டி கண்ணாடி போல் தெளிந்து நின்றது. நிம்மதியாகக்கூட இருந்தது.

பதினொரு மணிக்குத் தங்கம்மா ரப்பர்க் குழாயோடு வந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். "சுடா பாயிக். தா பாயா டாத்தாங் லாகி" என்றேன். குணமாகிவிட்டது, இனி வரவேண்டாம். என் ஆயுளில் தடுமாறாமல் நான் பேசிய முதல் மலாய் அதுதான். அவள் என் ஈரப் புடவையைப் பார்த்தாள், முற்றத்து ஈரத்தைப் பார்த்தாள். "பெலும், டீச்சர்" என்று சொல்லி இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டினாள். நான் கதவைச் சாத்தினேன்.

ஒரு மணிக்கு அவர் வந்தார். தெளிந்த தண்ணீரைப் பார்த்து, "யார் மாத்தினது?" என்றார்.

"நான்தான். தங்கம்மா வந்தா. போதும், நல்ல தண்ணி மாத்திடுங்கன்னா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். நான் முன்கூட்டி யோசித்து வைத்த பொய்கூட இல்லை. "அவளே சொன்னாளா? அப்போ சரி" என்று முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எட்டி எடுத்து, பையிலிருந்து அந்தத் துணியை என் முன்னாலேயே உருவி மடியில் விரித்தார். ஒளிக்கவில்லை. "இங்கே வா, இதைப் பாரு" என்றார். ஒவ்வொரு சரமும் ஒரு மீனாம். தினமும் சாயங்காலம் அவர் ஒவ்வொரு மீன் மேலும் எத்தனை புள்ளி என்று எண்ணிச் சொல்வாராம், அவள் அத்தனை முடிச்சுப் போடுவாளாம். அவளுக்கு எழுதத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியாது என்று சிவப்பு நூல். "ஆபீஸிலே எல்லாருக்கும் காட்டினேன். என்ன மூளை பாரு அந்தப் பொம்பளைக்கு" என்றார். கடைசி வரிசையில் முடிச்சே இல்லை, அதற்குக் கீழே பத்துச் சின்னக் கோடுகள் காலியாக இருந்தன. இனிப் பார்க்கவேண்டிய பத்து நாள். "இது எதுக்கு இன்னும் மிச்சம் வெச்சிருக்கா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டிருக்கலாம், உப்பைக் கரைத்திருக்கலாம். திறக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை புள்ளிகள் வந்தன. இந்த முறை எண்ண முடியாது, மாவில் புரட்டியதுபோல் இருந்தன. மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்தன. பிறகு தேய்க்கவும் தெம்பில்லாமல் ஒரே இடத்தில் நின்று நடுங்கின. மெர்டேகா நாள் காலை ஊரே கொடி பிடித்துக்கொண்டு தெருவில் நின்றது. நான் அந்தப் பூவேலை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. பின்கட்டில் குழி தோண்டி ஐந்து மீனைப் புதைத்துக்கொண்டிருந்தார். வயிறும் பிள்ளையுமாக இருந்ததும் அதில் ஒன்று.

அன்று மத்தியானம் ஊர்வலம் பார்த்துவிட்டு வந்த தங்கம்மாவை எங்கள் வாசலிலேயே அவர் நிறுத்தினார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். "போதும் என்று நீயா சொன்னாய்?" என்று மலாயில் கேட்டார். தங்கம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சொல்கிறேன், என் உயிர் அப்போது என்னிடம் இல்லை. சொல்லிவிடுவாள், சொல்லத்தான் வேண்டும், நானாயிருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். அவள், "யா, என்சே. சாயா யாங் சாக்காப்" என்றாள். ஆமாம் ஐயா, நான்தான் சொன்னேன். அந்த மலாய் எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

மறுநாள் கோயிலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வெட்கம், அழுகை, கோபம் எல்லாம் ஒன்றாக வந்தது. "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன், என் ஓட்டை மலாயில். அவள் விபூதியைப் பூசிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "மீனுக்காக அவர் என்மேல் கோபித்துக்கொண்டால் ஒரு வாரம். உங்கள்மேல் என்றால் எத்தனை வருடம் டீச்சர்? நீங்கள் ஒரே வீட்டில் இருக்கவேண்டும்." சொல்லிவிட்டு, மிச்சம் இரண்டு மீன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாள். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உப்பு, குழாயை எப்படிப் பிடிப்பது, எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்துச் செய்து காட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் வீட்டுக்கு வந்து செய்தேன். புள்ளி போனபிறகும் பத்து நாள் விடாமல் செய்தேன். இரண்டு மீனும் பிழைத்தன. அவர் என் தோளைத் தட்டி, "உன் கையிலேயே முதல்ல கொடுத்திருந்தா ஏழும் பிழைச்சிருக்கும். அரைகுறையை நம்பினேன் பாரு" என்றார். எந்தப் பாராட்டுக்காக நான் அத்தனை நாள் வயிறெரிந்தேனோ அது கிடைத்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு அவர் ஆபீஸில் சொன்னார், ஆபீஸ் ஊரில் சொன்னது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி என்றால் டீச்சரம்மா வீட்டுக்குப் போ என்று ஆகிவிட்டது. இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் தூக்குவாளியில் மீனை எடுத்துக்கொண்டு என் படியேறியிருக்கிறீர்கள்! தங்கம்மா வீட்டுப் படி ஒருவரும் ஏறவில்லை. அவள் தெருவில் என்னைப் பார்த்தால், "மீன் சுகமா?" என்று தமிழில் கேட்பாள். அதை என்னிடம் கேட்கவென்றே யாரிடமோ கற்றுக்கொண்டிருக்கவேண்டும்.

ஒரு வாரக் கோபம் என்று அவள் போட்ட கணக்கு தப்பு. ஆறு வருடமாக என் வீட்டுக்காரர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவு வீட்டிலிருந்து திரும்பி வரும்போதும், "நல்ல பொம்பளை. அந்த மீன் விஷயத்திலே மட்டும் அவசரப்பட்டுட்டா, பாவம்" என்றார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

எனக்கு இன்றும் அவள்மேல் பொறாமைதான். அவள் கைவேலையைப் பார்த்து வந்தது போய்விட்டது. அவர் சிரிப்பைப் பார்த்து வந்ததும் போய்விட்டது. ஆறு வருடம் அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோதும் ஒருநாளாவது அவளுக்கு வாய் தவறவில்லையே, அதை நினைத்தால்தான் பொறாமை ஆறவில்லை. என்னால் ஒரு மணி நேரம்கூட முடிந்திருக்காது.

தங்கம்மாவின் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று தலைவியம்மா கேட்டார். உங்களிடமெல்லாம் கெபாயா இருக்கிறது, கைக்குட்டை இருக்கிறது. என்னிடம் இருப்பது, எனக்காக அவள் தன்மேல் போட்டுக்கொண்ட பழி ஒன்றுதான். ஆறு வருடம் அதை வைத்துக்கொண்டு நன்றாக வாழ்ந்துவிட்டேன். இனி வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

நான் எழுதுகிற எதுவும் அச்சுக்குப் போகுமுன் என் வீட்டுக்காரர் கையில்தான் போகும். சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு ஒற்றுப்பிழை பார்ப்பார். இந்தத் தாள்களையும் இப்போது அவர் மேசையில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த வரிக்கு வரும்போது பென்சிலைக் கீழே வையுங்கள். தங்கம்மா போதும் என்று சொல்லவில்லைங்க. நான்தான் சொன்னேன்.